ஐயாபெட்டஸ் துக்கடா ரோலாம்!

நேத்து க்விஸ் லைவ் பாக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். கிரேக்கப் புராணத்துல கடவுள்களோட ராஜா சியூஸுக்கு முந்தின தலைமுறைக் கடவுள்கள், அதான் டைட்டன்கள், அவங்கள்ல ஒருத்தர் பேர் கேட்டாங்க, ஐயாபெட்டஸ்னேன். "நெருப்பு கொண்டுவந்த புரோமிதியஸோட அப்பாவா? அது துக்கடா ரோலுங்க, பெரிய ஆளா சொல்லுங்க"ன்னு ஒரே சிரிப்பு, கீழ வரிசையா ஹாஹா.

சரிங்க சார். துக்கடா ரோல்தான். இலியட்ங்கற பழைய கிரேக்க காவியத்தோட எட்டாவது காண்டத்துல, வெயிலும் காத்தும் படாத டார்டரஸ்ங்கற பாதாளத்துல, டைட்டன்களோட தலைவன் குரோனஸ் கூட உக்காந்திருக்கறதா அந்தக் கவி ஹோமர் பேர் சொல்லிக் குறிப்பிடறது இந்த துக்கடாவைத்தான். சனி கிரகத்துக்கு ஒரு நிலா இருக்கு, 1671ல வானியலாளர் காசினி கண்டுபிடிச்சது, அன்னிக்கு இருந்த டெலஸ்கோப்புல சனிக்கு மேற்கால வந்தா தெரிஞ்சுது கிழக்கால போனா காணாம போயிடுச்சு, ஏன்னா ஒரு பாதி கருப்பு, மறுபாதி பனி வெள்ளை, கிழக்கால போறப்ப கருப்புப் பாதி நம்ம பக்கம் திரும்பிடும். அதுக்கு 1847ல இன்னொரு வானியலாளர் ஜான் ஹெர்ஷல் வெச்ச பேரு? ஐயாபெட்டஸ்.

இன்னும் கேளுங்க. அட்லாண்டிக் பெருங்கடலுக்கு பேர் குடுத்தது வானத்தைத் தோள்ல தாங்கற அட்லஸ், அந்த அட்லஸுக்கும் அப்பா இவர்தான். அதனாலதான் அட்லாண்டிக்குக்கு முன்னாடி இருந்து, சுமார் 40 கோடி வருஷம் முன்னாடி மூடிப்போன கடலுக்கு ஜியாலஜிக்காரங்க ஐயாபெட்டஸ் பெருங்கடல்னு பேர் வெச்சாங்க. அதுக்கு இந்தக் கரையில ஸ்காட்லாந்து, அந்தக் கரையில இங்கிலாந்து. கடல் மூடினதாலதான் ரெண்டும் இன்னிக்கு ஒரே தீவுல இருக்கு. நிலாவும் கடலும் பத்தலயா சார், வேற என்ன வேணும்?

"நெருப்பு கொண்டுவந்தது மகன்தானே"ம்பீங்க. ஆமா, யார் இல்லேன்னா? அதுக்குத் தண்டனையா கழுகுகிட்ட ஈரலக் குடுத்து கஷ்டப்பட்டவர், மரியாதை உண்டு. ஆனா ஹெசியட்ங்கற பழைய கிரேக்கக் கவி எழுதினதுல சியூஸ் அந்த மகனையே "ஐயாபெட்டஸ் மகனே"ன்னுதான் கூப்பிடுறார். "கட்டுக்கதைக்கு இவ்ளோ கோவமா"ங்கறவங்களுக்கு பதில் கிடையாது, நீங்க ரீல்ஸ் பாருங்க.

என் தங்கச்சி டாக்டரானதுலேந்து எங்கப்பா தெருவுல "டாக்டரம்மா அப்பா". காலம் பூரா பஸ் ஓட்டினவர், அவர் பேர் கேட்டா பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியல. அவர் அதுக்கும் சிரிச்சுட்டு தலையாட்டுவார், எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும். பெத்தவன் பேர் மட்டும் ஏன் எல்லாருக்கும் இவ்ளோ இளப்பமா போச்சு? சும்மா வந்துட்டாங்களா பிள்ளைங்க?

ஒரு மார்க்குக்காக பேசலைங்க. அந்த மார்க்கை நீங்களே வெச்சுக்கோங்க, அடுத்த வாரம் நான் வரல. கமெண்ட்ல "சில் ப்ரோ"ன்னு யாராவது போட்டீங்க, நேரா பிளாக்தான்.