பிள்ளைக்கு மார்க் குறைந்தால் ஆசிரியர் மட்டும்தான் காரணமா?

"மாணவன் தோற்றால் முழுப் பொறுப்பும் ஆசிரியர்தான், ஆய்விலேயே நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு. எந்த ஆய்வு என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களில் தெரியும் வேறுபாட்டில் ஆசிரியர்களால் வருவது, பெரும்பாலான ஆய்வுகளில், 1 முதல் 14 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி ஆசிரியரின் கைக்கு வெளியே இருக்கிறது: வீட்டு வருமானம், பெற்றோரின் படிப்பு, பசி, தூக்கமின்மை, பள்ளிக்கு வராமல் போன நாட்கள், நெரிசலான வகுப்பு, அப்புறம் யாரும் கவனிக்காத கண் பார்வை. கரும்பலகை மங்கலாகத் தெரிவதால் பின்தங்கும் பிள்ளைக்குத் தேவை ஒரு கண்ணாடி, ஆனால் கிடைப்பது 'மக்கு' என்ற பெயர், இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, அப்படியானால் ஆசிரியர் முக்கியமில்லையா? அதுவும் தப்பு. ஆசிரியரின் தாக்கம் சிறியது என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள் என அதே அறிக்கை சொல்கிறது. அமெரிக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 1966-இல் வந்த கோல்மன் அறிக்கையைக் காட்டி "எல்லாம் குடும்பம்தான், பள்ளியால் ஒன்றும் ஆகாது" என்று பேசுகிறவர்களும் பாதியைத்தான் சொல்கிறார்கள். குடும்பப் பின்னணியின் பங்கு பெரிது என்று சொன்ன அந்த அறிக்கைதான், வசதி குறைந்த சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஆசிரியரின் தரம் மற்றவர்களைவிட அதிகம் உதவுகிறது என்றும் சொன்னது.