உறைந்த ஆர்கானில் சோடியம்: கோடு அப்படியே இருக்காது

"ஆர்கான் மந்த வாயு, எதோடும் வினைபுரியாது. அதனால் உறைந்த ஆர்கானில் சிக்கிய சோடியம் அணுவும் வாயு நிலையில் உறிஞ்சும் அதே ஒளியைத்தான் உறிஞ்சும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி ஏறக்குறைய சரி, முடிவு தவறு.

வேதிப்பிணைப்பு உண்டாகாவிட்டாலும் சுற்றியுள்ள ஆர்கான் அணுக்கள் சோடியத்தை நெருக்கத்தான் செய்கின்றன. ஒளியை உறிஞ்சிக் கிளர்வுற்ற நிலையில் சோடியத்தின் எலக்ட்ரான் மேகம் பெரிதாகிவிடும், நெருக்கடி இன்னும் கூடும். வாயுவில் 589.0, 589.6 நானோமீட்டரில் ஊசிபோல் தெரியும் இரண்டு கோடுகள், ஆர்கானுக்குள் இடம் மாறி அகன்ற பட்டைகளாகின்றன. அதுவும் மும்மூன்று முகடுகளாக! ஒளியை உறிஞ்சிய எலக்ட்ரான் போய்ச் சேரும் p நிலையின் மூன்று ஆர்பிட்டல்களும் (எலக்ட்ரான் இருக்கக்கூடிய வெளிகள்) சுற்றியுள்ள அணுக்களின் அதிர்வால் வெவ்வேறு ஆற்றலுக்குப் பிரிவதே இதற்குக் காரணம். வாயுவில் கோட்டை இரண்டாக்குகிற, எலக்ட்ரானின் தற்சுழற்சியால் வரும் பிளவு இதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

இதோடு முடியவில்லை. எல்லா அணுவும் ஒரே மாதிரி இடத்தில் சிக்குவதில்லை, இடத்துக்கு ஒரு மும்முகடு. மாதிரியைச் சற்றுச் சூடாக்கிக் குளிர்வித்தால் சில முகடுகள் தேயும், சில வளரும். அப்புறம், சோடியம் கூடுதலாகச் சேர்ந்தால், இரண்டு சோடியம் அணுக்கள் இணைந்த மூலக்கூறுகளின் பட்டைகளும் தலைகாட்டும். அவற்றைத் தனி அணுவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.