கட்டிலுக்குக் கீழே ஒரு பாலைவனத் தேள்

போன வருடம் ஆவணி மாதம். கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், திருகோணமலை உப்புவெளியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் என்னைத் தன் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான். "மாமா, அம்மாட்ட சொல்லிப்போடாதீங்க" என்றபடி கட்டிலுக்குக் கீழே இருந்து பழைய ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றை இழுத்தான். மூடியில் ஊதுபத்தியால் சுட்ட ஓட்டைகள். உள்ளே இரண்டு விரல் உயரத்துக்குக் கடற்கரை மணல், அதன் மேல் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்று. அதைக் குச்சியால் புரட்டினான்.

வெளிறிய மஞ்சள் நிறம். என் சுண்டுவிரலை விடக் கொஞ்சம் நீளம். இடுக்கிகள் இரண்டும் மெலிந்து குச்சி போல. வாலில், கொடுக்குக்கு முந்திய கணு மட்டும் கறுப்பு. அந்தக் கறுப்பைக் கண்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. லெயூரஸ். யூடியூப்பில் பொடியன்மார் டெத்ஸ்டாக்கர் என்று பெருமையாகச் சொல்கிற அதே தேள். வட ஆபிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் கல்லும் மணலும் கிடக்கிற வெட்டைகளில் வாழ்வது. வெளிநாட்டில் இருந்து வந்த யாரோ கொண்டுவந்ததாம், கை மாறிக் கை மாறி இவனிடம் வந்திருக்கிறது.

நான் சவூதியில் ஏழு வருடம் வேலை செய்தவன். அங்கே காலையில் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டாமல் யாரும் கால் வைக்க மாட்டோம். ஒருநாள் அவசரத்தில் தட்டாமல் போட்டார் எங்கள் அறையில் இருந்த மூதூர்க்காரர் ஒருவர். கொட்டிய இடத்தில் வீக்கம் பெரிதாக இல்லை. ஆனால் அரை மணித்தியாலத்துக்குள், ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில், அவருடைய சேட் பிழிந்து எடுத்த மாதிரி நனைந்துவிட்டது. வாயில் இருந்து எச்சில் நிற்காமல் வடிந்தது. கையைப் பிடித்துப் பார்த்தால் ஐஸ் போல் குளிர். நெஞ்சு படபடவென்று அடித்தது. இந்த விஷம் நரம்புகளைத் தூண்டிவிட்டு அடங்கவிடாமல் செய்கிறது, அந்த உந்துதலில் இரத்த அழுத்தம் எகிறி, இதயம் களைத்து, கடைசியில் நுரையீரலில் நீர் கோர்க்கும் என்று பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அவர் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருந்தது. அந்த மண்ணின் தேள் விஷத்தை எடுத்து ரியாத்திலேயே அதைத் தயாரிக்கிறார்கள்.

இங்கே? நம் ஆஸ்பத்திரிகளில் பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிறது. அது தேள் விஷத்துக்கு வேலை செய்யாது. தேள் கொட்டுக்கு நம் டாக்டர்மார் வைத்தியம் பார்க்காமலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் செந்தேள் கொட்டி வருகிறவர்களுக்கு ப்ராசோசின் மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த வழியைக் காட்டியவர் மகாராஷ்டிராவில் மகாட் என்ற சிற்றூரில் இருந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். பிள்ளைகள் கண் முன்னே செத்துக்கொண்டிருந்த காலத்தில், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஒரு மலிவான மாத்திரையால் அவர்களைக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார். 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும். ஆனால் அவர் பாடுபட்டது வயலிலும் வைக்கோலிலும் தேளோடு வாழ வேறு வழியில்லாத ஏழைகளுக்காக. நாம் வேறு நாட்டுத் தேளைத் தேடி எடுத்து வந்து கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று இருப்பது எந்த விதத்தில் நியாயம்?

மருமகன் சொன்ன பதில் ஒன்றுதான். "எனக்கு ஒண்டும் ஆகாது மாமா, நான் கவனமா இருக்கிறன்." அவன் சொல்வதில் பாதி உண்மை. திடகாத்திரமான பெரிய ஆட்களில் பெரும்பாலானோர் வேதனையில் துடித்துப் பிழைத்துவிடுவார்கள். உயிர் போவது அநேகமாகச் சின்னப் பிள்ளைகளுக்கும், வயதானவர்களுக்கும், இதய நோயாளிகளுக்கும். அந்த வீட்டில் கட்டில் அவனுக்கு மட்டும்தான். அம்மம்மா நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிறவர், இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மூத்தவளின் மகளுக்கு மூன்று வயது. எதைக் கண்டாலும் திறந்து பார்க்கிற வயது, அதிலும் ஐஸ்கிறீம் பெட்டி! இவர்களில் ஒருவரிடமாவது அவன் கேட்டானா? தேள் வளர்ப்பவன் தன் உயிரைப் பந்தயம் வைக்கிறேன் என்கிறான். உண்மையில் அவன் வைப்பது பாயில் படுத்திருக்கிற கிழவியின் உயிரை. என் கோபமெல்லாம் இதில்தான்.

கண்ணாடித் தொட்டியில் வைத்தால் ஏறாதே என்பார்கள். வழுக்கும் கண்ணாடியில் ஏறாது, சரி. தொட்டியின் மூலைகளில் பூசிய சிலிக்கனைப் பிடித்து ஏறும். மூடியை ஒருநாள் சரியாக அழுத்தாமல் விட்டால் போதும், அன்றைக்குக் கரண்டும் இல்லையென்றால் எங்கே போய்த் தேடுவீர்கள்? பிடிபடும்போதே சினையாக இருந்த பெண் தேள் என்றால், ஒருநாள் காலையில் பெட்டிக்குள் அரிசி மணி போலக் குட்டிகள் நிறைந்திருக்கும். மூடியின் ஓட்டை அவற்றுக்கு வாசல் மாதிரி.

பழைய பழமொழி ஒன்று இருக்கிறதே, திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி என்று. அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வந்த தேள் கொட்டினால் அதுதான் நடக்கும். சொல்லப் பயந்து, குளவி குத்தியது என்பான். அல்லது பூரான் கடித்தது என்பான். டாக்டருக்கு உண்மை தெரியாமல் முதல் மணித்தியாலம் போய்விடும்.

இவ்வளவும் சொல்வதால் நான் தேளை வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு மருமகன் லைட்டை அணைத்துவிட்டு, கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா டோர்ச்சை அடித்துக் காட்டினான். மணலுக்கு நடுவே அந்தச் சின்ன உடம்பு முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது. ஒவ்வொரு கணுவும் தனித்தனியாகத் தெரிந்தது. நாற்பது கோடி வருடத்துக்கு மேலாக இந்த உலகத்தில் இருக்கிற உயிர். குட்டிகள் முதல் தோல் உரிக்கும் வரை அவற்றை முதுகில் சுமந்து திரிகிற தாய். இதே தேளின் விஷத்தில் இருந்து பிரித்த குளோரோடொக்சின் என்ற பொருள் மூளைப் புற்றுநோய்க் கலங்களில் போய் ஒட்டிக்கொள்வதால், ஒப்பரேஷனின்போது கட்டியை ஒளிரவைத்துக் காட்ட அதைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். இதைக் கேட்டுத்தான் சிலர் விஷம் விற்றுக் கோடீஸ்வரனாகலாம் என்று கனவு காண்கிறார்கள். ஒரு தேளில் ஒரு தடவை எடுத்தால் கிடைப்பது மில்லிகிராம் கணக்கு. ஆய்வுகூடங்கள் ஐஸ்கிறீம் பெட்டிக்காரரிடம் வாங்குவதில்லை.

அக்காவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். மருமகன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பெட்டி அவனுடைய நண்பன் வீட்டுக்குப் போனது. அங்கே போகவிட்டது என் பிழை. அதுவும் நாலு பேர் இருக்கிற வீடுதானே. வனஜீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படைக்க நானே கூடப் போயிருக்க வேண்டும்.

கார்த்திகையில் வாடை மழை பிடித்துக்கொண்டது. திருமலையில் அந்த மாதம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், போத்தலுக்குள் உப்பே கசியும், சுவர் வியர்க்கும். பாலைவனத்து உடம்புக்கு அந்த ஈரம் ஆகாது. கால் கணுக்களில் கரும்புள்ளி விழுந்து பூஞ்சணம் பிடித்ததாம். சாப்பிடவில்லையாம். கடைசியில் பெட்டியின் மூலையில், மணலுக்கு மேலே, வாலைச் சுருட்டாமல் நீட்டியபடி கிடந்ததை மருமகன் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் போன் எடுத்தான். அழுதான். அதற்குப் பிறகுதான் நாங்கள் மறுபடி பேசத் தொடங்கினோம். இப்போது இரவில் அதே ஊதா டோர்ச்சோடு வளவுக்குள் இறங்கி, கல்லுக்குக் கீழே நட்டுவக்காலி தேடுகிறான். பார்ப்பான், படம் எடுப்பான், கல்லை இருந்த மாதிரியே வைத்துவிட்டு வருவான். சில நாட்களில் நானும் போவேன்.

இதை வாசிக்கிற யாருடைய வீட்டிலாவது இப்படி ஒரு பெட்டி இருந்தால், தயவுசெய்து வேலிக்கு அப்பால் கொட்டிவிடாதீர்கள். கடற்கரை மணலில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தும் விடாதீர்கள், அங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை பெட்டியை உயரமான இடத்தில், பூட்டி வையுங்கள். யாருக்காவது கொட்டிவிட்டால் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள், டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். மூடியின் மேல் அது என்ன தேள் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அதற்கு முதல், பக்கத்து அறையில் இருக்கிற அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.