“நமக்கெதுக்கு அக்கா” என்று கேட்ட தம்பிக்கு

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கறுப்பர்கள் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன செல்மா பாலத்தில் நான் நிற்கிற படத்துக்குக் கீழே முந்தாநாள் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். முழுசாகத் திரும்ப எழுத மனசு வரவில்லை. “இது அவங்க சண்டை, நமக்கெதுக்கு அக்கா? நயாகரா போயிருக்கலாமே” என்று ஒரு தம்பி கேட்டார். அதற்கு நாற்பது பேர் ஹாஹா போட்டார்கள். அந்த நாற்பதில் பாதிப் பேர் என் வீட்டுப் பொங்கலைச் சாப்பிட்டவர்கள். கேள்வி வலிக்கவில்லை தம்பி. அந்த நாற்பது ஹாஹாதான் வலித்தது.

சரி, கேட்டீர்கள், பதில் சொல்கிறேன். அது நம் சண்டையும்தான். நாம் இங்கே வந்து சேர்ந்த பாதை அந்தப் பாலத்தின் மேல்தான் போகிறது.

1965க்கு முன்னால் இந்தியாவிலிருந்து இந்த நாட்டில் குடியேற வருடத்துக்கு எத்தனை பேருக்கு அனுமதி தெரியுமா? 100 பேர். மொத்த இந்தியாவுக்கும் 100. அதுவும் 1946இல் கிடைத்தது. அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் குடியுரிமையே கிடையாது. 1923இல் பகத் சிங் திந்த் என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். நான் உயர்சாதி, ஆரிய வம்சம், அதனால் வெள்ளையருக்குள் அடக்கம் என்பதுதான் அவர் தரப்பு வாதம். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. சாதியைக் காட்டித் தட்டியபோது திறக்காத கதவு அது.

அதை யார் திறந்தார்கள்? 1965 மார்ச்சில் கறுப்பர்கள் அந்தப் பாலத்தில் அடி வாங்கினார்கள். ஆகஸ்ட் 6ஆம் தேதி வாக்குரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 3ஆம் தேதி சுதந்திர தேவி சிலையின் காலடியில் உட்கார்ந்து புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதே ஜனாதிபதி, அதே நாடாளுமன்றம். உள்ளூரில் நிறம் பார்த்துப் பிரிப்பது தப்பு என்று சட்டம் போட்ட பிறகு, வெளியிலிருந்து வருகிறவனை மட்டும் எந்த நாட்டுக்காரன் என்று பார்த்துத் தள்ளிவைக்க முடியவில்லை. “இஞ்சினியர் தேவைப்பட்டது, ரஷ்யாவோடு போட்டி இருந்தது, அதனாலதான் நம்மளைக் கூப்பிட்டாங்க” என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அதுவும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் டாக்டரும் இஞ்சினியரும் 1950இலும்தான் தேவைப்பட்டார்கள் அண்ணா. அப்போது நமக்கு 100 இடம்தான் இருந்தது.

நான் எப்படிப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன், அதையும் கிண்டல் பண்ணியிருந்தார்கள். எச்-4 விசாவில், அதாவது வேலை விசாக்காரரின் மனைவியாக வந்து, வருடக்கணக்கில் அடுப்படியும் பிள்ளைகளுமாக இருந்தவள் நான். பச்சை அட்டை (கிரீன் கார்டு) வந்த பிறகு பள்ளிக்கூட உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். போன வருடம், 44 வயதில், கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். அமெரிக்க வரலாறு ஒரு பாடம். அதில் ஐந்து நாள் படிப்புப் பயணம். கிரீன்ஸ்பரோவில் தொடங்கி அட்லாண்டா, பர்மிங்ஹாம், செல்மா, மாண்ட்கமரி. பேருந்தில் 22 மாணவர்கள். என்னைத் தவிர்த்தால் மூத்தவருக்கு 26 வயது. இந்த வயசில் காலேஜ் பஸ்ஸில் ஊர் சுற்றுகிறாள் என்று எழுதியவருக்குத் தனியாகப் பதில் சொல்லப் போவதில்லை. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் படித்து அந்த சீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு அது பெருமை.

கிரீன்ஸ்பரோ என் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். பதினோரு வருடமாக அந்த ஊர் வழியாகப் போய் வருகிறேன், ஒருநாளும் இறங்கியதில்லை. அங்கே பழைய உல்வர்த் கடை இப்போது அருங்காட்சியகம். 1960 பிப்ரவரி 1ஆம் தேதி, கல்லூரியில் முதலாண்டு படிக்கிற நாலு பையன்கள் அந்தக் கடைக்குள் போய் பற்பசை மாதிரி சில்லறைச் சாமான் வாங்கினார்கள். கடைக்காரர்கள் காசை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அதே கடையில் சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டபோதுதான் கறுப்பருக்குக் கிடையாது என்றார்கள். பையன்கள் கடை சாத்துகிற வரை எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்தார்கள், இன்னும் ஆட்களோடு. ஜூலை 25ஆம் தேதி கடை இறங்கி வந்தது. அன்றைக்கு அந்த மேடையில் முதலில் சாப்பிட்டவர்கள் யார் தெரியுமா? அந்தக் கடையிலேயே வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள். அதுவரை அடுத்தவருக்குப் பரிமாறிய இடத்தில் அன்றுதான் உட்கார்ந்தார்கள். நானும் உணவகத்தில் பரிமாறுகிறவள்தான். அதைக் கேட்டதும் அங்கிருந்து என்னால் நகர முடியவில்லை.

அந்த மேடை இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. நீளமான மேடை, வரிசையாக நாற்காலிகள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது. திண்டுக்கல் பக்கம் எங்கள் கிராமம். அப்பத்தா வீட்டுக் கொல்லையில், மாட்டுக் கொட்டகைக் கூரைத் தாழ்வாரத்தில் ஓர் அலுமினிய தம்ளர் செருகியிருக்கும். விளிம்பில் ஒரு நசுங்கல். ஏர் ஓட்ட வருகிற தாத்தாவுக்கு அதில்தான் காபி. அவரே எடுத்து, அவரே கழுவி, கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். அப்பத்தா மேலேயிருந்து ஊற்றுவாள், தம்ளர் படாமல். ஆறு வயதில் ஒருநாள் நான் அதை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். முதுகில் விழுந்த அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஏன் அடித்தாள் என்று அன்று புரியவில்லை. கிரீன்ஸ்பரோவில் நின்றபோது என்னோடு வந்த பிள்ளைகள், “இப்படியுமா இருந்தாங்க” என்று ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அதைத்தான் இத்தனை நாளாக யாரிடமும் சொல்லவில்லை.

“பழசைக் கிளறாதீங்க, அவங்களே மறந்துட்டு முன்னேறட்டும்” என்று ஒருவர். எது பழசு? பர்மிங்ஹாமில் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குப் போனோம். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமைக் காலை, 10.22க்கு அங்கே குண்டு வெடித்தது. ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாலு பெண்பிள்ளைகள் செத்தார்கள். மூன்று பேருக்கு 14 வயது, டெனிஸ் மெக்நேருக்கு 11. உயிரோடு இருந்திருந்தால் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார். என் அம்மா வயது. குண்டு வைத்தவர்களில் ஒருவனுக்கு 1977இல் தண்டனை கிடைத்தது. இன்னொருவனுக்கு 2001இல், மற்றொருவனுக்கு 2002இல். 2002 பழசா? அப்போது நம் ஆட்கள் இங்கே வீடு வாங்கி, கிரகப்பிரவேசம் பண்ணி, தமிழ்ச் சங்கம் நடத்திக்கொண்டிருந்தார்கள். செல்மாவில் போராடி வாங்கிய வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பான பிரிவை 2013இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த வழக்கைப் போட்டதே அலபாமாவின் ஒரு மாவட்டம்தான், ஷெல்பி. என் பெரிய மகன் அப்போது இரண்டாம் வகுப்பு.

அந்தத் தேவாலயத்தில் இன்னொன்று பார்த்தேன். தம்பி, இது உங்களுக்காகவே சொல்வது. அங்கே வண்ணக் கண்ணாடியில் ஒரு ஜன்னல், கறுப்பினக் கிறிஸ்து கை விரித்து நிற்கிறார். அது வேல்ஸ் நாட்டு மக்கள் கொடுத்தது. குண்டுவெடிப்புச் செய்தியைக் கேட்டு ஊர் ஊராகச் சில்லறை சேர்த்தார்கள். ஒருவர் அரை கிரவுனுக்கு மேல் தரக்கூடாது என்று வைத்துக்கொண்டார்கள். பணக்காரர் ஒருவர் வாங்கிக் கொடுத்ததாக இல்லாமல், எல்லாரும் கொடுத்ததாக இருக்கட்டும் என்று. கடல் தாண்டி இருக்கிற சாதாரண ஜனங்கள். அவர்களில் பெரும்பாலோர் அலபாமாவைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். நமக்கெதுக்கு என்று அவர்களும் கேட்டிருக்கலாம் அல்லவா?

செல்மா பாலத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், படம் அங்கே எடுத்ததுதானே. அது நடுவில் மேடான பாலம். ஊர்ப் பக்கத்திலிருந்து ஏறும்போது அந்தக் கரை தெரியாது. நடந்து பார்த்தால்தான் அது புரியும். உச்சிக்குப் போன பிறகுதான் எதிரே என்ன இருக்கிறது என்று தெரியும். 1965 மார்ச் 7ஆம் தேதி சுமார் 600 பேர் அப்படித்தான் ஏறினார்கள். முன்வரிசையில் 25 வயது போராட்டத் தலைவர் ஜான் லூயிஸ். உச்சியில் நின்று பார்த்தால் கீழே சாலையை அடைத்துக்கொண்டு போலீஸ். அவர்கள் திரும்பவில்லை, இறங்கினார்கள். கண்ணீர்ப் புகை, தடி, குதிரைப்படை. லூயிஸின் மண்டை ஓடு உடைந்தது. என்ன கேட்டார்கள்? ஓட்டு. அந்த மாவட்டத்தில் பாதிப் பேர் கறுப்பர்கள், அவர்களில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் நூற்றுக்கு 2 பேர் அளவுதான். பதிவு அலுவலகம் மாதத்தில் 2 நாள்தான் திறக்கும். அந்தப் பாலத்துக்கு இன்றும், கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தில் தலைவராக இருந்த எட்மண்ட் பெட்டஸின் பெயர்தான். போன நவம்பரில் நானும் என் வீட்டுக்காரரும் ஓட்டுப் போட்டுவிட்டு ஸ்டிக்கரோடு படம் போட்டோம். இதே நாற்பது பேரும் அதற்கு ஹார்ட் போட்டீர்கள்.

“எங்க கடையில திருடினது யாருன்னு கேளுங்க” என்று ஒருவர் தனிச்செய்தியில் கோபமாக எழுதியிருந்தார். உங்கள் நஷ்டம் உண்மை அண்ணா, நான் அதைச் சின்னதாக்கவில்லை. ஆனால் திருடியவன் ஒருவன். ஒருவனுக்காக ஓர் இனத்தையே சொல்வதை, ஊரில் நம் பக்கத்து ஆட்கள் தினமும் செய்வதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்? “அவங்க அப்படித்தான்” என்ற அதே வார்த்தை, அதே குரல். விமானம் ஏறும்போது அதையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டோம். “நாங்க யார் தயவும் இல்லாம உழைச்சு வந்தோம்” என்றீர்கள். உழைத்தோம்தான். வெய்யிலில் ஏர் ஓட்டிய அந்தத் தாத்தா உழைக்கவில்லையா? அவர் பேரனுக்கு இங்கே என்ன வேலை கிடைத்தது?

மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலித் பிள்ளைகள் முன்னால் அவரை அறிமுகப்படுத்திய தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்றாராம். கிங்கே பிறகு ஒரு பிரசங்கத்தில் இதைச் சொல்கிறார். முதலில் அதிர்ச்சியாக, கோபமாகக்கூட இருந்ததாம். அப்புறம் யோசித்துவிட்டு, ஆமாம், நான் தீண்டப்படாதவன்தான் என்று ஒத்துக்கொண்டாராம். அவருக்குத் தெரிந்திருக்கிறது இரண்டும் ஒரே சண்டை என்று. நமக்குத்தான் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் ஊரில் அந்தச் சண்டையில் நாம் எந்தப் பக்கம் நின்றோம் என்றும் சொல்ல வேண்டி வரும். என்னைத்தான் முதலில் சொல்கிறேன்.

கடைசி நாள் மாண்ட்கமரி. வெள்ளைக் கும்பல்களால் கொல்லப்பட்ட கறுப்பர்களுக்கான நினைவிடம், 2018இல் திறந்தது. துருப்பிடித்த நிறத்தில் ஆளுயர இரும்புத் தூண்கள், 800க்கு மேல், மாவட்டத்துக்கு ஒன்று. 1877க்கும் 1950க்கும் இடையில் அப்படிக் கும்பல் கையில் செத்தவர்கள் 4,400க்கு மேல், அவர்கள் பெயர்கள் அதில். உள்ளே போகும்போது தூண் கண்ணுக்கு நேராக நிற்கும். நடக்க நடக்கத் தரை சரிந்துகொண்டே போகும், தூண்கள் தலைக்கு மேல் தொங்கும். பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெண், 19 வயது, கறுப்பினப் பிள்ளை, தன் பாட்டி ஊர் மாவட்டத்தைத் தேடி அலைந்தாள். கிடைத்தது. அதில் அவள் குடும்பப் பெயரே ஒன்று இருந்தது. உறவா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த எழுத்துகள் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துத் தூணில் சில இடங்களில் பெயருக்குப் பதிலாக ‘தெரியாதவர்’ என்று செதுக்கியிருந்தது. தேதி இருக்கிறது, பெயர் இல்லை.

அந்தப் படத்தை நான் எடுக்க மாட்டேன். ஹாஹா போட்டவர்கள் யாரையும் நீக்கவும் மாட்டேன், இருந்து படியுங்கள்.

நேற்று காலை அம்மாவுக்கு போன் பண்ணினேன். கொல்லையில் செருகியிருந்த தம்ளர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். “அது எதுக்குடி இப்ப?” என்றாள். சும்மாதான்மா, ஏர் ஓட்ட வருவாரே, அந்தத் தாத்தா பேர் என்ன என்று கேட்டேன். முப்பது வருடம் எங்கள் வயலில் உழுதவர். “பேரா…” என்று இழுத்தாள். பக்கத்தில் யாரிடமோ கேட்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வந்து, “தெரியலையேடி, நாங்க பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையே” என்றாள்.