வால்பாறை இறக்கமும் நியூட்ரல் கணக்கும்

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்குகையில் வண்டியை நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று பொள்ளாச்சிப் பக்கத்து பைக் பயணிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறானது. பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து செலுத்தும் பியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டால் பெட்ரோல் பாய்வது பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமல் ஓடுவதற்கே பெட்ரோல் செலவாகிறது. (பழைய கார்புரேட்டர் வண்டிக்கு வேண்டுமானால் சொட்டு மிச்சமாகலாம்.)

இதைவிடப் பெரிய சிக்கல், இன்ஜினின் இழுவை இல்லாததால் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுவதுதான். டாட் 4 என்னும் தர வகையைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி; நாளடைவில் காற்றின் ஈரம் உறிஞ்சிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான், கொதித்துவிட்டால் லீவர் பிடியின்றிக் கைப்பிடிவரை வந்துவிடும். புறப்படுமுன் ஒருவர் வண்டியை மற்றவர் பார்ப்பது நம் வழக்கம்தானே. அப்போது பிரேக் ஆயில் டப்பாவின் சிறு கண்ணாடியில் ஆயில் பழசாகி நிறம் கருத்திருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.