ஃபினாயில் ஊத்தினவங்களுக்கும், அதுக்குக் கட்டைவிரல் தூக்கினவங்களுக்கும்

சனிக்கிழமை மூலை வீட்டுப் பின்பக்கம் நடந்ததைப் பத்தி இனிமே யாரும் பேச வேண்டாம்னு நம்ம பெங்களூர் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப் அட்மின் சொல்லிட்டார். குரூப்பில் அமைதி காக்கணுமாம். காக்கிறேன். அதான் இங்கே எழுதுறேன்.

மூலை வீட்டம்மா வீட்டுக் கழிவை மக்க வச்சு உரமாக்குற நீல டிரம் நாறுதுன்னு, அதுக்குள்ள ரெண்டு கேன் ஃபினாயில். அதை போட்டோ எடுத்து "பிரச்சினை தீர்ந்தது"ன்னு ஒரு வரி. கீழே முப்பத்திநாலு கட்டைவிரல். எண்ணிப் பார்த்தேன். அதுல பாதிப் பேருக்காவது அந்தம்மா வீட்டு முருங்கைக்கீரை இல்லாம வாரம் போகாது.

நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு. உர டிரம் நாறினா காய்ஞ்ச இலை போடணும். ஃபினாயில் ஊத்தக் கூடாது.

"நாத்தம் வந்தது உண்மைதானே?"ம்பீங்க. உண்மைதான். மூக்கு எனக்கும் இருக்கு. ஏன் வந்துச்சுன்னு யாராவது கேட்டீங்களா? வளைகாப்பு விருந்துல மிஞ்சின சாம்பார் சாதம், ரசம், பாயசம் எல்லாத்தையும் ஒரே நாள்ல டிரம்ல கொட்டிட்டாங்க. மூணு நாள் விடாத மழை, மூடி விரிசல். தண்ணி இறங்கி, காத்துப் போற இடமெல்லாம் அடைச்சு, காத்து வேண்டாத கிருமி வேலையை ஆரம்பிச்சிடுச்சு. சாக்கடை வாடை வந்தா அதான் அர்த்தம்: உள்ளே காத்து இல்லை. மூக்கைச் சுருக்குற அம்மோனியா வாடைன்னா அது வேற, பச்சைக் கழிவு அதிகம், காய்ஞ்சது கம்மி. ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான். காய்ஞ்ச இலை.

மொத்தத்தையும் ஒரு தார்ப்பாய்ல கொட்டணும். டிரம் அடியில நாலு அங்குலத்துக்குக் குச்சியும் தேங்காய் மட்டையும் அடுக்கணும். கொட்டினதுல ஒரு வாளிக்கு ரெண்டு வாளி காய்ஞ்ச இலை கலந்து திரும்பப் போடணும். மழைக்காலத்துல இலை கிடைக்கலைன்னா கிழிச்ச அட்டைப்பெட்டி, முட்டை அட்டை, நனைக்காத தேங்காய் நார்த்தூள், எதுவும் ஆகும். கையில ஒரு பிடி எடுத்து அழுத்தினா ஒண்ணு ரெண்டு சொட்டு வரலாம். ஒழுகினா இன்னும் இலை வேணும். ரெண்டு மூணு நாள்ல வாடை அடங்கிடும். ஒரு மணி நேர வேலை, ஒரு ஜோடி கையுறை. ஃபினாயில் கேன் விலைகூட ஆகாது.

இப்ப என்ன ஆச்சு? இலையை மண்ணாக்குற கிருமி அத்தனையும் செத்துப்போச்சு. அந்த இருநூறு லிட்டரும் இனி கீரைப் பாத்திக்கு ஆகாது. நாலு மாச உழைப்பு. நாத்தம் போச்சான்னா அதுவும் இல்லை, ஃபினாயிலோட சேர்ந்து நாறுது.

சரி, அந்தம்மாகிட்ட காய்ஞ்ச இலை ஏன் இல்லை? இங்கதான் எனக்கு வயிறு எரியுது. ஜனவரி கடைசியிலருந்து மார்ச் வரை நம்ம ரெண்டாவது கிராஸ் முழுக்கப் புங்கை இலை. பார்க் பக்கம் தூங்குமூஞ்சி மரத்து இலை. பொடி இலை, சீக்கிரம் மக்கும், தங்கம் மாதிரி சரக்கு. அதைக் கூட்டிக் காலி சைட்டுல போட்டு யார் கொளுத்தினது? இதே நம்ம குடியிருப்போர் சங்கம். தினம் காலையில ஆறு மணிக்குப் புகை. அப்போ யாருக்கும் மூச்சு முட்டலை, யாரும் போட்டோ எடுக்கலை. இலையை எரிச்சுட்டு, இலை இல்லாம நாறுதுன்னு வந்து நிக்கிறீங்க.

"எலி வரும்." சமைச்ச சோறு, கறி, எலும்பு போட்டா வரும். போடாதீங்க. டிரம் துளைக்கு உள்பக்கம் கம்பி வலை கட்டுங்க.

"புழு நெளியுது." தட்டையா, பழுப்பா இருந்தா அது கருப்புப் படைவீரன் ஈயோட புழு. அதோட வளர்ந்த ஈ நம்ம சாப்பாட்டைத் தேடி வராது. புழு பெருகினா ஈரம் அதிகம்னு அர்த்தம். என்ன போடணும்னு இன்னொரு தடவை சொல்லணுமா?

"பாம்பு வரும்." வரட்டும், கேட்ல கையெழுத்து வாங்கிட்டு விடுங்க.

"ஐம்பது கிலோ உர மூட்டை நர்சரியில கிடைக்குதே, வாங்கிக்கலாமே?" இதைக் கேட்டவர் நல்லவர், அதனால பொறுமையாவே சொல்றேன். நம்ம பின்பக்கம் இருக்கிறது மண்ணே இல்லை. பில்டர் விட்டுட்டுப் போன ஜல்லி, சிமெண்ட் தூள், அதுமேல ஒரு சாண் செம்மண். சிமெண்ட் கலந்த இடத்துல காரத்தன்மை ஏறும். வெண்டைச் செடியோட இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். மண்ணுல இரும்பு இருந்தாலும் செடியால எடுக்க முடியாது. செம்மண்ணோ வெயில்ல செங்கல்லாகும், மழையில மேல ஓடு கட்டும், கீரை விதை முட்டி வெளியே வராது. இது ஒரு மூட்டையில தீராது, வருஷத்துக்கு ரெண்டு தடவை மக்கு உரம் போட்டுக்கிட்டே இருக்கணும். ஒரு டிரம் நிறைஞ்சா மூணுல ஒரு பங்கா வத்தும், சலிச்சா அறுபது எழுபது லிட்டர். நாலுக்கு எட்டு அடிப் பாத்தியில ஓர் அங்குலம் பரப்ப அது கிட்டத்தட்டப் போதும். அந்தப் பாத்தியிலதான் அரைக்கீரை வந்துச்சு, அவரை வந்துச்சு, சுவர் தாண்டித் தொங்கின சௌசௌ வந்துச்சு. ஊர்ல அதைப் பெங்களூர் கத்திரிக்காய்னு சொல்வோம். பெங்களூர்லயே இருந்துக்கிட்டு அதை வளர்க்கவிடாம பண்றோம்.

தண்ணியும் மறந்துபோச்சு போல. 2024 மார்ச்சுல குடிநீரைத் தோட்டத்துக்கு ஊத்தினா 5,000 ரூபாய் அபராதம்னு குடிநீர் வாரியம் சொன்னப்போ, எத்தனை வீட்டு லான் காய்ஞ்சுபோச்சு? அந்தம்மா பாத்தி பிழைச்சுது. மேல மூணு அங்குலம் இலை மூடாக்கு, கீழே மக்கு, பாத்திரம் கழுவின தண்ணி. அவ்வளவுதான்.

கடைசியா, "குப்பையைக் காலையில வர்ற ஆட்டோவுக்குக் கொடுத்துட்டா முடிஞ்சுது"ன்னு ஒருத்தர். ஹசி கச, ஒண கசன்னு, அதாவது ஈரக் குப்பை, காய்ஞ்ச குப்பைன்னு பிரிச்சுக் கொடுத்துட்டா நம்ம கடமை தீர்ந்ததாம். எங்கே முடியுது சார்? நம்ம நகரக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டின மாவள்ளிபுரா ஊர்க்காரங்க சண்டை போட்டு 2012-ல அங்கே குப்பை போறது நின்னுது. அப்புறம் மண்டூர். அவங்களும் ரோட்டுக்கு வந்து, 2014 கடைசியிலதான் லாரி நின்னுது. அப்புறம் மிட்டகானஹள்ளி கல்குவாரி. ஊர் ஊரா அவங்க மூக்குல நம்ம வீட்டு ரசம் வருஷக்கணக்கா நாறிச்சு. நமக்கு மூணு நாள் தாங்கலை. 5,000 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற குடியிருப்புகள் ஈரக்கழிவை முடிஞ்சவரை உள்ளேயே மக்க வைக்கணும்னு 2016 திடக்கழிவு விதியிலயே இருந்துச்சு. தெருவுல குப்பை கொளுத்தக் கூடாதுன்னும் அதுலயே இருந்துச்சு. சங்கத்துக்காரங்களுக்கு ரெண்டுமே கண்ணுல படலை, டிரம் மட்டும் பட்டுடுச்சு.

நான் கோபமா எழுதுறேன்னு சொல்வீங்க. அந்தம்மா ஞாயித்துக்கிழமை காலையில என்ன பண்ணாங்க தெரியுமா? டிரம்மைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. போன வாரம் கருவேப்பிலை கேட்டிருந்தவங்களுக்கு ஒடிச்சு, பழைய பேப்பர்ல சுருட்டி, கேட்ல வச்சிருந்தாங்க. வந்து எடுத்துக்கிட்டும் போனாங்க.

புது டிரம் வாங்கியாச்சு. பக்கவாட்டுல பத்து மில்லிமீட்டர் துளை ஐம்பது, அடியில எட்டு, கீழே நாலு செங்கல். புளிச்ச மோர் ஒரு டம்ளர் தெளிச்சு ஆரம்பிக்கணும். இலைதான் இல்லை. பிப்ரவரி வரைக்கும் பன்னிரண்டு சாக்கு வேணும். இனிமே கருவேப்பிலைக்கு வர்றவங்க வெறுங்கையோட வராதீங்க, ஆளுக்கு ஒரு சாக்கு காய்ஞ்ச இலை கொண்டுவாங்க. ஃபினாயில் கேன் காலியாத்தான் இருக்கும், அதை ஒண கசயில போட்டுடுங்க.