பழைய நிகழ்ச்சியை ஏன் இப்படி இழுக்கிறீர்கள்?

சின்ன வயசில் பார்த்த தொலைக்காட்சி நிகழ்ச்சி இணையத்தில் கிடைத்துவிட்டதே என்று ஆசையாகத் திறந்தால், எல்லோரும் குண்டாக இருக்கிறார்கள், சுவரில் வட்டக் கடிகாரம் முட்டை வடிவில் தொங்குகிறது. பழைய டிவியின் 4:3 (அகலம்:உயரம்) படத்தை இன்றைய 16:9 அகலத் திரைக்கு இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இணையத்தில் ஏற்றுகிறவர்களில் சிலர் இழுப்பதில்லை, திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டுகிறார்கள். உயரத்தில் கால் பங்கு காலி. நெற்றியும் போச்சு, கீழே ஓடிய எழுத்தும் போச்சு. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் யாருக்கு என்ன கேடு?

இதைவிடக் கொடுமை, ஆள் கையை அசைத்தாலே ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி பிரிவது. பிஏஎல் (PAL) என்ற பழைய தொலைக்காட்சி முறை வீடியோவில் நொடிக்கு 50 அரைப்படங்கள்: ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். அவற்றைப் பிரிக்காமல் பெரிதாக்கினால் வரிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும், பிறகு மீட்பது பெரும்பாடு. முதலில் டீஇன்டர்லேஸ் செய்யுங்கள், அதாவது அரைப்படங்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் முழுப்படமாக்குங்கள். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மென்பொருளில் அதற்கான வடிகட்டிகள் இலவசமாகவே இருக்கின்றன. நொடிக்கு 50 பிரேமாகவே (முழுப்படமாகவே) வையுங்கள், 25 ஆக்கினால் அசைவின் வழவழப்பு போய்விடும். அப்புறம்தான் 1440×1080 புள்ளிகளுக்குப் பெரிதாக்க வேண்டும், அதுவும் 4:3தான். மூலக் கோப்பை மட்டும் தயவுசெய்து அழிக்காதீர்கள். சில நிகழ்ச்சிகளுக்கு யாரோ வீட்டில் பதிந்த நாடாதான் மிச்சம்.